கல்வராயன் மலையும் பழைய ஜீப்பும்: வீட்டு முற்றத்தில் வண்டியை மீட்டெடுத்தலின் வரலாறு

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகச் சென்றால், கோமுகி அணையைக் கடந்ததும் சாலை மலையேறத் தொடங்குகிறது. வளைந்து ஏறும் அந்தச் சாலை கல்வராயன்மலை வட்டத்தின் தலைமையிடமான வெள்ளிமலையைச் சென்று சேர்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த கல்வராயன் மலைத்தொடர் ஏறத்தாழ 1,095 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. வடக்கிலுள்ள சின்னக் கல்வராயன் சராசரியாக 2,700 அடி உயரமும், தெற்கிலுள்ள பெரிய கல்வராயன் 4,000 அடி உயரமும் கொண்டவை. மலையாளி பழங்குடியினர் வாழும் இம்மலையின் சிற்றூர்களில் பல, முதன்மைச் சாலையிலிருந்து விலகி மண்பாதைகளின் முடிவில் இருக்கின்றன.

இத்தகைய பாதைகளுக்கென்றே அமைந்த வண்டி ஜீப். எஞ்சின் விசையை நான்கு சக்கரங்களுக்கும் அனுப்பக்கூடியது என்பதால், இரண்டு சக்கரம் வழுக்கினாலும் மற்ற இரண்டும் வண்டியை இழுத்துச் செல்லும். பழைய ஜீப்பை வீட்டிலேயே பிரித்துச் சீராக்குவது இன்று ஒரு பொழுதுபோக்காகப் பேசப்படுகிறது. ஆனால் இந்தியாவில் ஜீப் தொடக்கம் முதலே கைமாறி, பழுது பார்க்கப்பட்டு, மீண்டும் ஓட்டப்பட்ட வண்டி. அந்த வரலாற்றையும், அண்மைக்காலச் சட்டங்கள் அதை எங்கே கொண்டுவந்து நிறுத்தியுள்ளன என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

போரில் பிறந்த வண்டி

1940இல் அமெரிக்கத் தரைப்படை எடை குறைந்த உளவு வாகனம் ஒன்றைக் கேட்டது. அமெரிக்கன் பான்டம் என்ற சிறு நிறுவனம், பொறியாளர் கார்ல் புரோப்ஸ்ட் வரைந்த வடிவில் முதல் மாதிரியைச் செய்து அவ்வாண்டு செப்டம்பர் 23 அன்று ஒப்படைத்தது. ஆனால் பெருமளவு உற்பத்தி வில்லிஸ் ஓவர்லேண்ட், ஃபோர்டு ஆகிய பெரிய நிறுவனங்களுக்கே போயிற்று. போர் முடிவதற்குள் இரண்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன.

போருக்குப் பின் வில்லிஸ் அதே வண்டியைப் பொதுமக்களுக்கான ‘சிஜே’ வரிசையாக மாற்றியது. 1953இல் வந்த சிஜே-3பி வடிவத்தில் எஞ்சினின் உயரம் கூடியதால் பானெட்டும் உயர்ந்தது. இந்தியச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய உயர்ந்த பானெட் கொண்ட ஜீப் இதன் வழிவந்ததே.

இந்தியாவில் ஜீப்

இந்தியாவுக்கு ஜீப் முதலில் போர்ப்படைகளோடு வந்தது. போர் முடிந்தபின் மிஞ்சிய வாகனங்கள் அரசால் விற்கப்பட்டுத் தனியார் கைக்கு வந்தன. சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய கொள்முதல் சர்ச்சையும் சீராக்கப்பட்ட பழைய ஜீப்பைப் பற்றியதுதான். காஷ்மீர்ப் போர் நடந்த 1948இல், லண்டனில் இந்தியத் தூதராக இருந்த வி. கே. கிருஷ்ண மேனன், படைக்காக 2,000 ஜீப்புகளை வாங்க ஒப்பந்தம் செய்தார். வந்து சேர்ந்தவை 155 மட்டுமே. அவையும் பயன்படுத்தும் நிலையில் இல்லை என்ற குற்றச்சாட்டு நாடாளுமன்றத்தில் எழுந்தது. 1955இல் அரசு இவ்விவகாரத்தை முடித்துக்கொண்டது. பெயின்ட் அடித்த வண்டியும் சீரான வண்டியும் ஒன்றல்ல என்பதை நாடு அப்போதே பார்த்துவிட்டது.

1945இல் எஃகு வணிக நிறுவனமாகத் தொடங்கிய ‘மஹிந்திரா அண்ட் முகமது’, பங்குதாரர் குலாம் முகமது பாகிஸ்தான் சென்றபின் 1948இல் ‘மஹிந்திரா அண்ட் மஹிந்திரா’ ஆயிற்று. 1940களின் இறுதியில் பம்பாயின் மஸ்காவோனில் வில்லிஸ் ஜீப்பைப் பாகங்களாக இறக்கிப் பூட்டத் தொடங்கிய அந்நிறுவனம், பின்னர் உரிமம் பெற்று இங்கேயே தயாரித்தது. படைக்கு மற்றொரு வண்டியும் இருந்தது. நிசான் பட்ரோலை அடிப்படையாகக் கொண்டு ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலை 1969 முதல் 1999 வரை செய்த ‘ஜோங்கா’ அது. ஆறு சிலிண்டர், 3,956 சிசி பெட்ரோல் எஞ்சின் கொண்டது. படை கழித்த ஜோங்காக்களும் ஏலத்தில் பொதுமக்களிடம் வந்தன.

மலையேறிய அரசு

1952 அக்டோபர் 2 அன்று சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. வட்டார வளர்ச்சி அலுவலரும் ஜீப்பும் பிரிக்க முடியாத இணையானது அதன்பின்தான். ஊர் மக்களுக்கு ஜீப் என்றால் அரசு வருகிறது என்று பொருள்.

கல்வராயன் மலைக்கு அந்த அரசு தாமதமாகவே வந்தது. சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் ஆகிய மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்த இம்மலை, 1976இல்தான் முழுமையாக அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. அப்போது தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த கள்ளக்குறிச்சிப் பகுதி, 1993இல் விழுப்புரம் மாவட்டத்துக்குள் சென்று, 2019இல் தனி மாவட்டமானது. இதனால் ஒரு பழைய ஜீப்பின் பதிவுக் கோப்பைக் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி என மூன்று ஊர்களில் தேட வேண்டி வரலாம்.

அரசு ஜீப்புகள் ஓடித் தேய்ந்தபின் ‘கழிவு செய்யப்பட்ட வாகனம்’ என்று பொது ஏலத்துக்கு வந்தன. ஏலம் எடுத்தவர் பட்டறையில் நிறுத்திச் சீராக்கி ஓட்டினார். அலுவலகத்திலிருந்து ஏலம், ஏலத்திலிருந்து பட்டறை, பட்டறையிலிருந்து வீட்டு முற்றம் என்பதே இந்தியாவில் பழைய ஜீப் வந்த முதன்மையான பாதைகளில் ஒன்று.

வீட்டில் நடக்கும் வேலை

சிஜே-3பி வகை ஜீப்பை வீட்டில் பிரிக்க முடிவதற்குக் காரணம் அதன் அமைப்பு. ஏணி போன்ற சேஸி, அதன்மேல் போல்ட்டுகளால் பூட்டிய தகரத் தொட்டி, பட்டை ஸ்பிரிங்குகள் ஆகியவையே அதன் உடல். கணினியோ சென்சாரோ கிடையாது. 134 கன அங்குல, அதாவது சுமார் 2.2 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினை ஒரு செயின் பிளாக்கைக் கொண்டு தூக்கிவிடலாம்.

முதலில் பார்க்க வேண்டியது எஞ்சின் அல்ல, துரு. தரைத் தகடுக்கு அடியில் தொப்பி வடிவச் சட்டங்கள் ஓடுகின்றன. பழைய ஜீப்புகளில் அவற்றுக்குள் மரக்கட்டை வைத்திருந்தார்கள். கட்டை மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொள்வதால் தகடு உள்ளிருந்து அரிக்கும். மேலே பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் ஓராண்டு மறையும், மீண்டும் வெளிவரும். அரித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் வைப்பதே முறை. சேஸி எண் பொறித்த இடத்தில் மட்டும் கிரைண்டர் படக்கூடாது. எண் அழிந்தால் வண்டியே சட்டப்படி இல்லாமல் போகும்.

அடுத்தது பிரேக். நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்தான். எல்லாவற்றுக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே எண்ணெய் வழி. ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் போகும். கைபிரேக் சக்கரத்தில் இல்லை. கியர் பெட்டிக்குப் பின்னால் புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கிறது. ஷாஃப்ட் கழன்றால் கைபிரேக்கும் இல்லை. மலைச்சாலைக்கு வரும் வண்டியில் குழாய்கள், வீல் சிலிண்டர்கள், ரப்பர் வாஷர்கள் அனைத்தையும் புதிதாக மாற்றுவதே அறிவு.

மூன்றாவது ஸ்டியரிங். பெட்டியிலிருந்து வரும் அசைவு, நடுவிலுள்ள ஒரு பெல் கிராங்க் வழியாகச் சக்கரங்களுக்குப் போகிறது. அதன் புஷ்ஷும் கிங்பின் பேரிங்குகளும் தேய்ந்தால், ஒரு குழியில் விழுந்து எழும்போது முன்சக்கரங்கள் கட்டுக்கடங்காமல் உதறும். கிங்பின்னில் ஷிம் வைத்து இறுக்கத்தைச் சரிசெய்வது நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை.

இதன் பிறகே எஞ்சின். இன்டேக் வால்வு ஹெட்டிலும் எக்சாஸ்ட் வால்வு பிளாக்கிலும் இருப்பது இதன் தனித்தன்மை. சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்க லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும். மற்றவற்றை வீட்டில் செய்யலாம். இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்கப்படுவதால், பழைய ரப்பர் குழாய்களும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரமும் விரைவில் கெடும். எத்தனாலைத் தாங்கும் பொருளில் மாற்ற வேண்டும்.

கடைசியாக, இந்த வண்டியை மலைவண்டி ஆக்கும் உறுப்பு: டிரான்ஸ்ஃபர் கேஸ். முதல் கியரின் விகிதம் 2.798, குறைவேகக் கியர் 2.46, ஆக்சில் 5.38. மூன்றையும் பெருக்கினால் சுமார் 37. எஞ்சின் 37 முறை சுற்றினால்தான் சக்கரம் ஒருமுறை சுற்றும். ஆகவே பாரத்தோடு நடைவேகத்தில் ஏறலாம். இறங்கும்போது பிரேக்கை மிதிக்காமல் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர இயக்கத்தைப் பூட்டி ஓட்டக்கூடாது. வளைவில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தூரம் உருள்வதால், முறுக்கம் ஏறிக் கியர்களை உடைக்கும்.

உதிரிபாகங்களுக்குத் தமிழ்நாட்டில் சென்னைப் புதுப்பேட்டையும், வடக்கே டெல்லி மாயாபுரியும் பெயர்பெற்றவை.

எஞ்சின் மாற்றமும் சட்டமும்

பெட்ரோல் விலையால் பலர் ஜீப்பின் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை வைத்தார்கள். மஹிந்திராவும் டிராக்டர் வழிவந்த இன்டர்நேஷனல் டீசல் எஞ்சினையும், எம்எம் 540 போன்ற வண்டிகளில் பெஜோ டீசல் எஞ்சினையும் பயன்படுத்தியது. ஆனால் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, உரிமையாளர் தன் விருப்பத்துக்கு மாற்றம் செய்ய முடியாது. பதிவு அலுவலகத்தின் அனுமதியும் ஆர்.சி. புத்தகத்தில் பதிவும் தேவை. தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு மாறான மாற்றங்கள் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

2021 ஜூலை 15 அன்று மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனி விதிகளைக் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, மூல வடிவில் பராமரிக்கப்படும் சொந்தப் பயன்பாட்டு வாகனங்கள் இதில் சேரும். புதுப்பதிவுக்கு ரூ. 20,000, மறுபதிவுக்கு ரூ. 5,000 கட்டணம். பதிவு 10 ஆண்டு செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். ஆனால் கண்காட்சி, அணிவகுப்பு, ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். அன்றாடப் பயணத்துக்கு இடமில்லை.

சாதாரணப் பதிவில் வைத்திருப்பவர், 15 ஆண்டுக்குப்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதனைக்கு வண்டியைக் காட்டிப் புதுப்பிக்கிறார். பசுமை வரியும் உண்டு. எனினும் அவர் அன்றாடம் ஓட்டலாம்.

அடைபட்ட பாதை

2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவு புதுப்பிக்கப்படுவதில்லை. அவை பதிவுபெற்ற உடைப்பு மையங்களுக்கே போக வேண்டும். புகையைக் குறைப்பதற்கான இவ்விதியின் நோக்கத்தைக் குறைசொல்ல முடியாது. ஆனால் வயதான அலுவலக ஜீப் ஏலம் வழியாக வீட்டு முற்றத்துக்கு வந்த பாதை இதனால் அடைபட்டது. இனி மீட்டெடுக்கக் கிடைப்பவை ஏற்கெனவே தனியார் கையில் இருக்கும் வண்டிகள் மட்டுமே.

மலைக்கு வண்டியின் தேவை குறைந்துவிடவில்லை. 2024இல் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தபோது, சாலையும் போக்குவரத்தும் அதில் இடம்பெற்றன. மூட்டை ஏற்றவும் நோயாளியை இறக்கவும் ஓடும் ஜீப், கண்காட்சி வண்டியாகப் பதிவாக முடியாது. டீசல் எஞ்சின் ஏறிய வண்டி மூல வடிவம் என்ற தகுதியையும் இழக்கிறது.

எனவே பழைய ஜீப்பை வீட்டில் பிரிப்பவர், முதல் போல்ட்டைக் கழற்றும் முன்பே இது காட்சிக்கா, ஓட்டத்துக்கா என்று முடிவு செய்தாக வேண்டும். எந்த முடிவானாலும், கழற்றிய பெட்ரோல் எஞ்சினைப் பழைய இரும்புக்குப் போடாமல் எண்ணோடு எடுத்துவைப்பதும், ஏல ஆணை, ஆர்.சி. புத்தகம், எண் தகடு, வேலைக்கு முந்தைய படங்கள் ஆகியவற்றை ஒரே கோப்பில் சேர்ப்பதும் நல்லது. வளர்ச்சி அலுவலரின் ஜீப் ஏறிய மலைப்பாதைகளின் வரலாற்றை எழுத வருபவருக்கு, அந்தக் கோப்பும் ஒரு சான்றாகும்.