லேபிள் பிரிண்டருக்குள் மூன்று அலமாரிகள்



சரக்குப் பெட்டியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். பார்கோடு, விலாசம், ஓரத்தில் கம்பெனி முத்திரை. ஆயிரம் லேபிள் அடித்தாலும் முத்திரை மாறாது. அப்படியானால் அந்தப் படம் எங்கே இருக்கிறது? கம்ப்யூட்டரிலா, பிரிண்டரிலா? சின்னக் கேள்விதான், ஆனால் பின்னால் ஒரு நல்ல வரலாறு இருக்கிறது.

1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து டிராய் நகரில், மார்ஷ் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு ரிக்லி சூயிங்கம் பாக்கெட் ஸ்கேன் ஆனது. நாம் இன்று கடைகளில் பார்க்கும் பார்கோடின் முதல் விற்பனை அது. பிறகு தொழிற்சாலைகளுக்கும் சொந்தமாக லேபிள் அடிக்க வேண்டி வந்தது. 1969-ல் தொடங்கிய டேட்டா ஸ்பெஷாலிட்டீஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி 1982-ல் பார்கோடு பிரிண்டர் கொண்டுவந்தது. 1986-ல் அதன் பெயர் ஜீப்ரா ஆனது. அதன் பிரிண்டர்களின் கட்டளை மொழிதான் இசட்பிஎல்.

இப்போது ஒரு கணக்கு. முத்திரை 25 மி.மீ. சதுரம், மில்லிமீட்டருக்கு 8 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். 200 × 200 = 40,000 புள்ளிகள், அதாவது 5,000 பைட். இசட்பிஎல்லில் சாதாரணமாக ஒரு பைட்டை இரண்டு எழுத்தாக அனுப்புவார்கள். ஆக 10,000 எழுத்து! அந்தக் காலத்து சீரியல் கேபிளில், 9,600 வேகத்தில், நொடிக்கு 960 எழுத்துதான் போகும். ஒரு முத்திரைக்கே 10 நொடிக்கு மேல். 500 லேபிளுக்கும் தனித்தனியாக அனுப்பினால் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம். படத்தை ஒருமுறை பிரிண்டரில் வைத்துவிட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இருபது எழுத்து போதும்.

சரி, எங்கே வைப்பது? மூன்று அலமாரிகள் இருந்தன.

முதலாவது 'ஆர்'. இது டிராம் நினைவகம், ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்டு 1968-ல் காப்புரிமை பெற்றது. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் கரண்ட் போனால் எல்லாம் போச்சு.

இரண்டாவது 'இ'. இது ஃபிளாஷ் நினைவகம், தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா 1984-ல் உலகுக்குக் காட்டியது. கரண்ட் போனாலும் படம் இருக்கும். ஆனால் அழித்து எழுத எழுதத் தேயும். நம் பாடத்தில் வரும் தேய்மானம் மாதிரி :-)

மூன்றாவது 'பி'. சில மாடல்களில் தனியாக வாங்கி மாட்டும் மெமரி கார்டு.

இதில் ஒரு கண்ணி உண்டு. அலமாரியின் பெயரைச் சொல்லாமல் படத்தை அனுப்பினால் அது 'ஆர்'-க்குத்தான் போகும். கரண்ட் போய் வந்த பிறகு லேபிள் வரும், பார்கோடும் வரும், படம் இருந்த இடம் மட்டும் வெறுமையாக இருக்கும். முத்திரை என்றால் பரவாயில்லை. ரசாயன டிரம்மின் அபாயச் சின்னம் என்றால்? ஐ.நா. 2003-ல் வெளியிட்ட முறையில் வரும் அந்தச் சிவப்பு டைமண்ட் கட்டம் இல்லாத டிரம்மை, அதைத் தூக்கும் தொழிலாளி என்னவென்று நினைப்பார்?

யுஎஸ்பியும் நெட்வொர்க்கும் வந்த பிறகு பத்து நொடிப் பிரச்சினை தீர்ந்துவிட்டது. கரண்ட் பிரச்சினை தீரவில்லை. விடை நம் கணக்கியலிலேயே இருக்கிறது: நிலைச் சொத்து வேறு, நடப்புச் சொத்து வேறு. மாறாத சின்னங்கள் 'இ'-யில் இருக்கட்டும். தினம் மாறும் ஆஃபர் படங்கள் 'ஆர்'-இல் இருக்கட்டும்.