விரல்நுனியில் ஒரு விளக்கு

"ஏண்டா, ஊசியே குத்தாம ரத்தத்தை எப்படிப் பாக்கறா?"

2020-இல் என் அம்மா கேட்ட கேள்வி இது. மகாராஷ்டிர அரசு அவ்வாண்டு செப்டம்பர் 15 அன்று தொடங்கிய 'மாஜே குடும்ப், மாஜி ஜபாப்தாரி' இயக்கத்தில், பணியாளர்கள் வீடு வீடாக வந்து உடல் வெப்பத்தையும் ரத்த ஆக்சிஜனையும் பார்த்தனர். புனேயில் எங்கள் வாசலில் நின்ற பெண் "ஆஜி, போட் த்யா" என்றதும், அம்மா தயங்கியபடி விரலை நீட்டினாள். 97 என்று வந்தது. அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு படித்தறிந்ததை இங்கே தருகிறேன்.

ஒளியால் ரத்தத்தை அளக்கும் முயற்சி பழையது. 1935-இல் ஜெர்மனியில் கார்ல் மாத்தெஸ் காதுமடலில் ஒளி செலுத்தி அளந்தார். இரண்டாம் உலகப் போரின்போது விமானிகளுக்காக அமெரிக்காவில் கிளென் மில்லிகன் இத்தகைய கருவியை உருவாக்கி, 'ஆக்சிமீட்டர்' என்று பெயரிட்டார். ஆனால் தோலும் சதையும்கூட ஒளியை உறிஞ்சுமே! தமனி ரத்தத்தை மட்டும் பிரித்தறிவது பெரும்பாடாக இருந்தது.

ஜப்பானில் நிஹோன் கோடென் நிறுவனப் பொறியாளர் டகுவோ அயோயாகி, இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் அளவை, சாயம் செலுத்தி ஒளியால் அளக்க முயன்றார். நாடித்துடிப்பு குறுக்கே வந்து வரைகோட்டைக் குலைத்தது. அந்தத் தொல்லையை நீக்க முனைந்தபோதுதான், துடிப்பது தமனி ரத்தம் என்பதால் துடிக்கும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும் என்று அவருக்குப் பொறிதட்டியது. தொல்லையே விடையாயிற்று! ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் சிவப்பொளியைக் குறைவாகவும் அகச்சிவப்பொளியை மிகுதியாகவும் உறிஞ்சும். இவ்விரண்டையும் ஒப்பிட்டால் விழுக்காடு கிடைத்துவிடும். 1974-இல் இதை அவர் வெளியிட்டார். 1980-களில் கருவி அறுவை அரங்குகளில் பரவியது. அது வீடுகளுக்குள் வந்த 2020-இலேயே, ஏப்ரல் 18 அன்று அவர் மறைந்தார்.

இந்த வரலாற்றில் நம்மைத் தொடும் பகுதி இனிமேல்தான். தோலின் மெலனினும் ஒளியை உறிஞ்சும். 2020 டிசம்பரில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டிய அளவீடுகளில், கறுப்பினத்தவரிடம் 11.7 விழுக்காட்டில் உண்மை அளவு 88-க்கும் கீழே இருந்தது, வெள்ளையரிடம் 3.6 விழுக்காடு மட்டுமே. 2025 ஜனவரியில் அமெரிக்க மருந்து நிர்வாகம், பல்வேறு நிறத்தவரிடமும் கருவியைச் சோதிக்க வரைவு நெறிமுறை வெளியிட்டது.

மாநிறமும் கருப்பும் நம் குடும்பங்களின் நிறம். ஆகவே எண்ணை மட்டும் நம்பிவிடாதீர்கள். நகப்பூச்சைத் துடைத்து, குளிர்ந்த கையைச் சூடாக்கிப் பாருங்கள். வழக்கமான எண் இறங்குகிறதா என்று கவனியுங்கள். பாட்டி "மூச்சு முட்டறதுடா" என்றால், கருவி என்ன காட்டினாலும் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.