தாதி மாணவியின் நேரம்

தாதிப் பயிற்சி பெற்ற பெண்களுக்குத் தேர்வுக்குப் படிக்க நேரம் வாய்த்தல் ஒரு காலத்தில் அரிதாயிருந்தது. இக்குறை அவர்தம் சோம்பலால் விளைந்ததன்று. பயிற்சி முறையிலேயே பிறந்தது. வேலூரில் 1909-இல் தாதியர் பயிற்சிப் பள்ளி தோன்றிய காலத்தில், மாணவியே மருத்துவமனையின் பணியாளாகவும் இருப்பது பல நாடுகளிலும் வழக்கம். பகலில் நோயாளருக்குப் பணிவிடை; முறை வந்தால் இரவில் கண்விழிப்பு. உறங்கவேண்டிய பொழுதிலே உடற்கூற்று நூலை விரிக்கவேண்டும். மருத்துவமனைகளுக்கு இது மலிவான ஏற்பாடு என்பதை மறைப்பானேன்?

சர் ஜோசப் போர் தலைமையில் அமைந்த குழு, 1946-இல், நாடு முழுவதற்கும் தாதியர் சுமார் 7,000 பேரே எனக் கண்டது. அத்தகைய பற்றாக்குறையில், படிப்பதற்கென்று மாணவியைப் பணியினின்று விடுவிக்க யார் துணிவர்? ஆயினும் அவ்வாண்டிலேயே டில்லியிலும் வேலூரிலும் தாதியர் பட்டப்படிப்பு தொடங்கிற்று. வேலூரில் பயின்றவள் சென்னைப் பல்கலைக்கழக மாணவியானாள்.