கும்பகர்ணன்

கும்பம் + கர்ணம். கும்பம் என்றால் குடம். கும்பாபிஷேகத்தில் இருப்பதும் அதுதான். கர்ணம் என்றால் காது. செவிவழி வந்த கதையைக் கர்ண பரம்பரைக் கதை என்கிறோம். காதைக் குடையும் சத்தம் கர்ண கடூரம். ஆக, குடம் போன்ற காதுகளை உடையவன் என்பதே பொருள். கம்பர் இதைத் தமிழாக்கிக் ‘கும்பகருணன்’ என்பார். பெயரில் தூக்கம் எங்குமே இல்லை.

நமக்கோ அவன் தூங்குமூஞ்சி. ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி தாண்டியும் போர்வைக்குள் கிடந்தால், “எழுந்திருடா கும்பகர்ணா!” என்று சொம்புத் தண்ணீரோடு வந்து நிற்பார் என் பாட்டி.

கம்பராமாயணம் படித்தபின் அந்த வசவு எனக்கு உறைப்பதில்லை. தனக்குப் போர்க்கோலம் பூட்டிய அண்ணன் இராவணனிடம் அவன் கேட்பது, சானகியின் துயர் இன்னும் தீரவில்லையா என்றுதான். அவளை விட்டுவிடு என்கிறான். பிறகு களத்தில் தம்பி விபீடணன் வந்து இராமன் பக்கம் அழைத்தும் மறுத்து, சாவு நிச்சயம் என்று தெரிந்தே செஞ்சோற்றுக்கடன் தீர்க்கப் போரிடுகிறான்.

ஆறு மாதம் தூங்குகிறவனுக்கு நியாயம் கேட்டது. இருபது காதுகள் இருந்தும் இராவணனுக்கு அது ஏறவில்லை.