அம்மோனியா: பெயர் வரலாறு

அம்மோனியா, ஒரு நைட்ரஜன் அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் இணைந்த சேர்மம். நிறமற்ற, மூக்கைத் துளைக்கும் நெடியுள்ள வளிமம். எகிப்தியர் வணங்கிய ஆமுன் என்ற கடவுளின் பெயரே இதன் பெயருக்கு மூலம். ‘மறைந்திருப்பவர்’ என்று பொருள்படும் இப்பெயரைக் கிரேக்கர் அம்மோன் என்று வழங்கி, தம் சீயசு கடவுளோடு ஒன்றாக்கினர். மேற்கு எகிப்தில் உள்ள சீவா பாலைவனச் சோலையில் இவருக்குப் புகழ்பெற்ற கோயில் இருந்தது. கி.மு. 331இல் அலெக்சாந்தர் அங்கே சென்று குறி கேட்டார்.

அப்பக்கத்து உப்பை ரோமானியர் ‘அம்மோனின் உப்பு’ என்றனர். மணலுக்கடியில் கிடைப்பதால், மணலைக் குறிக்கும் ‘அம்மோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வந்ததாக கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதினார். அது ஒலி ஒப்புமையால் எழுந்த விளக்கமே. அவர் குறிப்பிட்டது பெரும்பாலும் கல்லுப்பு. பிற்காலத்தில் இப்பெயர் அம்மோனியம் குளோரைடுக்கு உரியதாயிற்று. எகிப்தில் ஒட்டகச் சாணத்தை எரித்துச் சேர்த்த புகைக்கரியைக் கண்ணாடிக் குடுவைகளில் இட்டுச் சூடேற்றினர். ஆவியாகி எழுந்த உப்பு குடுவையின் மேற்பகுதியில் வெண்கட்டியாகப் படிந்தது.

இவ்வுப்பே தமிழில் நவச்சாரம். பாரசீகத்தின் ‘நௌஷாதர்’ இதற்கு உறவுச்சொல். பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவோர், சூடேறிய பாத்திரத்தில் நவச்சாரப் பொடியைத் தூவித் துணியால் தேய்ப்பர். வெண்புகை எழும், களிம்பு நீங்கி, ஈயம் பற்றிக்கொள்ளும்.

நவச்சாரத்தைச் சுண்ணாம்போடு சூடாக்கி, வெளிவந்த வளிமத்தைப் பாதரசத்தின் மேல் சேகரித்தவர் ஆங்கில வேதியியலாளர் ஜோசப் பிரீஸ்ட்லி. 1774இல் வெளியான தம் நூலில் அதைக் ‘காரக் காற்று’ என்றார். உப்பின் பெயரைத் தழுவி 1782இல் ‘அம்மோனியா’ என்று பெயரிட்டவர் சுவீடன் வேதியியலாளர் டார்பெர்ன் பெர்க்மன். இதன் இயைபை 1785இல் பிரெஞ்சு வேதியியலாளர் பெர்தொலே கண்டறிந்தார். அம்மோனியம், அமீன், அமைடு ஆகிய சொற்கள் இப்பெயரிலிருந்து கிளைத்தவை. ஆட்டுக்கடாக் கொம்புடைய அம்மோனை நினைவூட்டும் சுருள் வடிவால், ‘அம்மோனைட்’ என்ற தொல்லுயிர்ப் புதைபடிவமும் அதே கடவுளின் பெயரைப் பெற்றது.

நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் நேரடியாக இணைக்கும் ஹேபர்-போஷ் முறையில் 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவில் அம்மோனியாவின் ஆலை உற்பத்தி தொடங்கியது. இன்று பெரும்பகுதி அம்மோனியா யூரியா முதலிய உரங்களாகிறது.