பந்துக்குப் பின்னாடி கஃபாலா

பெரம்பலூர், அரியலூர்னு நம்ம பக்கம் கல்ஃப் போன ஆள் இல்லாத ஊர் கம்மி. அதான் 2019 நவம்பர்ல மும்பை சிட்டி கிளப்போட 65 சதவீதப் பங்கை சிட்டி ஃபுட்பால் குரூப் வாங்கினது எனக்கு வெறும் விளையாட்டுச் செய்தியாப் படலை. குரூப்புல பெரும்பங்கு அபுதாபி ஷேக் மன்சூரோடது. 2008ல மான்செஸ்டர் சிட்டியை வாங்கினவர்; அரச குடும்பம், அப்பவே அமைச்சர். ஆனா அது தனிப்பட்ட முதலீடாம் (நம்பிட்டோம்!).

கஃபாலான்னா விசா முதலாளி கையில. அவர் சம்மதிக்காம வேலை மாற முடியாது. கத்தாருக்கு 2022 உலகக் கோப்பை கிடைச்சு, ஊர் உலகம் கேள்வி கேட்டப்புறம்தான் 2020ல அந்தச் சம்மதம் வேணாம்னு சட்டம் மாத்தினாங்க.

நம்ம ஊர்ல? 2020-21ல மும்பை ஷீல்டு, கோப்பை ரெண்டையும் தூக்கினப்ப கைதட்டினோம். கஃபாலா பத்தி ஒருத்தரும் வாயைத் திறந்ததா ஞாபகமில்லை.