அலைக்கு முன்பே வந்த பள்ளிக்கூடம்

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தச் சொற்பொழிவு யார் நினைவாக நடக்கிறதோ அந்தத் தோழர், புதிதாக ஓர் ஊருக்குப் போனால் முதலில் கேட்பது, "மழைத் தண்ணி எந்தப் பக்கம் போய் நிக்கும்?" என்பதுதான். அந்தப் பக்கமாக நடந்தால் சேரி வந்துவிடும் என்பார். ஒரு தெருவின் சாதியைத் தெரிந்துகொள்ள ஆவணம் தேவையில்லை, மேடும் பள்ளமும் போதும் என்பதை நாங்கள் அவரிடம்தான் கற்றோம்.

அந்தக் கேள்வியை இன்று வெகுதூரம் எடுத்துச் செல்கிறோம். வட துருவத்தை ஒட்டிய அலாஸ்காவின் கடலோரக் கிராமங்களைப் பற்றியது இந்த உரை. தலித் மேடையில் அலாஸ்கா எதற்கு என்று கூட்டத் தயாரிப்பின்போதே சில தோழர்கள் கேட்டார்கள். அங்குள்ள ஊர்களைக் கடல் தின்கிறது என்பது செய்தித்தாள்களில் பல காலமாக வருகிற சங்கதி. அந்த மக்களை அந்தக் கரையில் உட்கார வைத்தது யார் என்பது செய்தியில் வருவதில்லை. அது வரலாற்றுக் கேள்வி. நாங்கள் அந்த ஊர்களுக்குப் போனவர்கள் அல்லர். அரசு அறிக்கைகள், நீதிமன்றத் தீர்ப்புகள், மானிடவியல் ஆய்வுகள் வழியாகவே அவற்றை அறிந்தோம். நமக்குப் பழகிய கண்ணால் அவற்றைப் படித்ததில் தெரிந்தவற்றை இங்கே சொல்கிறோம்.

1

1867இல் ரஷ்யப் பேரரசு அலாஸ்காவை 72 லட்சம் டாலருக்கு அமெரிக்காவிடம் விற்றது. அங்கே பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்த மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'பூர்வகுடிகளுக்கு அனுமதி இல்லை' என்று கடை வாசலில் பலகை தொங்கிய காலம் அங்கும் இருந்தது. அதற்கு எதிராக அந்த மக்களே போராடி, 1945இல் பாகுபாட்டுத் தடைச் சட்டம் பெற்றார்கள்.

வடமேற்குக் கரையில் இனுபியாக் மக்களும் தென்மேற்குக் கரையில் யூபிக் மக்களும் வாழ்கிறார்கள். கடல்நாய், திமிங்கிலம், கலைமான், சால்மன் மீன், காட்டுப் பழங்கள் என ஒவ்வொன்றுக்கும் ஒரு பருவமும் ஓர் இடமும் உண்டு. பருவம் மாறினால் குடும்பங்களும் இடம் மாறும். புயல் வரும் மாதத்தில் மணல் திட்டில் இருக்கக் கூடாது என்பது அவர்கள் வாழ்முறைக்குள்ளேயே இருந்த பாதுகாப்பு. 'நாடோடிகள்' என்று அதிகாரிகள் எழுதி வைத்தது இந்த அறிவைத்தான்.

இந்த நடமாட்டத்தை நிறுத்தியது பள்ளிக்கூடம். கிவலினா என்ற ஊரை எடுத்துக்கொள்வோம். ஒருபக்கம் சுக்சி கடல், மறுபக்கம் உப்பங்கழி, நடுவே ஒடுங்கி நீளும் மணல் திட்டு. வேட்டைப் பருவத்தில் தங்கிப் போகும் இடமாக அது இருந்தது. 1905இல் அமெரிக்க அரசு அங்கே பள்ளி கட்டியது. சுற்றியிருந்த குடும்பங்கள் அங்கேயே நிலையாகக் குடியேற நேர்ந்தது. பிள்ளைகளை அனுப்பாவிட்டால் தண்டனை என்று மிரட்டப்பட்டதை மூத்தவர்களின் நினைவு இன்றும் சுமக்கிறது. பள்ளி வந்து பத்தாண்டு ஆவதற்குள்ளேயே, வெள்ள அபாயம் இருப்பதால் ஊரை மாற்ற வேண்டும் என்று அங்கிருந்த ஆசிரியர் ஒருவரே சொன்னார். புவி வெப்பமாதல் என்ற பேச்சே எழாத காலம் அது. ஊர் மாறவில்லை.

யூபிக் மக்களின் நியூடாக் கதையும் இதே போன்றது. அங்கே 1958இல் பூர்வகுடி விவகாரத் துறை பள்ளி கட்டியது. நிங்லிக் ஆற்றங்கரையில் சதுப்பு நிலம் அது. கட்டுமானப் பொருள் ஏற்றி வந்த தோணி அதற்கு மேல் போக முடியாததால்தான் அந்த இடம் தேர்வானது என்று ஊரார் சொல்கிறார்கள். தோணிக்கு எட்டிய இடம் ஊரானது.

கல்வி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பள்ளி வாசலுக்காகப் போராடி வந்த சமூகம் நாம், அப்படிச் சொல்லவும் மாட்டோம். ஆனால் கல்வியைக் கொடுத்த கை, எங்கே வாழ்வது என்று முடிவெடுக்கும் உரிமையைப் பறித்துக்கொண்டது. ஷிஷ்மரெஃப் ஊரில் நெடுங்காலம் களப்பணி செய்த மானிடவியலாளர் எலிசபெத் மரினோவின் நூல் 2015இல் வெளிவந்தது. அங்குள்ள ஆபத்தைக் காலநிலையால் மட்டும் விளக்க முடியாது, குடியேற்ற ஆட்சியின் வரலாற்றோடு சேர்த்தே அதைப் படிக்க வேண்டும் என்பது அவருடைய வாதம்.

2

கடல் என்ன செய்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். முன்பு இலையுதிர் காலத்திலேயே கரையை ஒட்டிக் கடல் உறைந்துவிடும். அந்தப் பனிப்பாளம் கரைக்குக் கவசம். புயல் வந்தாலும் அலை கரையைத் தொடாது. இப்போது கடல் உறையத் தாமதமாகிறது. இலையுதிர் காலப் புயல்கள் திறந்த நீரின்மேல் வருகின்றன. பனி இல்லாத நீர்ப்பரப்பு அகல அகல, காற்று அலையை உருட்டிப் பெரிதாக்கிக் கொண்டுவருகிறது.

மண்ணின் நிலையும் இதேதான். அங்கே மணலையும் களியையும் இறுக்கிப் பிடித்திருப்பது மண்ணுக்குள் உறைந்த பனி. சற்றே சூடான கடல்நீர் கரையின் அடிப்பகுதியை உருக்கிக் குடைகிறது. குடைந்த இடத்துக்கு மேலே நிற்கும் நிலம் பாளமாக உடைந்து விழுகிறது. அலை அரிப்பதும் பனி உருகுவதும் சேர்ந்து நடப்பதால், ஒரே புயலில் ஒரு வீட்டு மனை போய்விடும். 1997 அக்டோபர்ப் புயலில் ஷிஷ்மரெஃப் கரை 30 அடிக்கு மேல் போனது. வீடுகளைப் பெயர்த்து இழுத்துச் சென்று தீவின் மறுபக்கத்தில் வைத்தார்கள். நியூடாக்கில் நிங்லிக் ஆறு சராசரியாக ஆண்டுக்கு 70 அடி அளவில் கரையைத் தின்றது.

3

இனி ஆய்வுகளுக்கு வருவோம். மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

1983இல் நியூடாக்கின் அரிப்பு அளக்கப்பட்டது. 25 முதல் 30 ஆண்டுகளில் கட்டடங்களுக்கு ஆபத்து வரும் என்று அன்றே எழுதப்பட்டது. 2003இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம், 213 பூர்வகுடிக் கிராமங்களில் 184 கிராமங்கள், அதாவது 86 விழுக்காடு, ஏதோ ஓர் அளவில் வெள்ளத்தாலும் அரிப்பாலும் பாதிக்கப்படுகின்றன என்றது. கிவலினா, கோயுகுக், நியூடாக், ஷிஷ்மரெஃப் ஆகிய நான்கு ஊர்கள் இடம்பெயரத் திட்டமிட்டிருந்தன. 2009இல் அதே அலுவலகம் மீண்டும் பார்த்தது. உடனடி ஆபத்தில் இருப்பவை 31 கிராமங்கள். அந்த நான்கில் ஓர் ஊர்கூட அதுவரை இடம்பெயர்ந்திருக்கவில்லை. 2019இல் 187 ஊர்களின் அரிப்பு, வெள்ளம், உறைநில உருகல் அபாயங்களை வரிசைப்படுத்தி ஓர் அறிக்கை வந்தது. 2022இல் தணிக்கை அலுவலகத்தின் இன்னோர் அறிக்கை வந்தது.

ஆக, தெரியாமல் நடந்தது என்று யாரும் சொல்ல முடியாது. தெரிந்தும் ஏன் எதுவும் நகரவில்லை? பதில் விதிகளில் இருக்கிறது.

முதல் விதி, செலவு–பயன் கணக்கு. கடலரிப்புத் தடுப்புகளைக் கட்டுவது அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை. ஒரு திட்டத்தால் காப்பாற்றப்படும் சொத்தின் மதிப்பு, அதற்கான செலவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது அதன் விதி. சாலையே இல்லாத ஊருக்குக் கல்லையும் இரும்பையும் கப்பலிலும் விமானத்திலும் கொண்டுபோக வேண்டியிருப்பதால் செலவு மலை போல ஏறும். காப்பாற்றப்படுபவை சில நூறு ஏழைகளின் சிறு வீடுகள் என்பதால் பயன் சுருங்கிவிடும். கடல்நாய் வேட்டைக்கும் மூதாதையர் புதைகுழிக்கும் அந்தக் கணக்கில் விலை இல்லை. கிராமங்கள் தோற்பது கணக்கு எழுதத் தொடங்கும்போதே உறுதியாகிவிடுகிறது. 2005இல் ஒரு சட்டப்பிரிவு, முழுச் செலவையும் மத்திய அரசே ஏற்று இந்த ஊர்களில் வேலை செய்ய வழி திறந்தது. 2009இல் அது நீக்கப்பட்டது.

இரண்டாம் விதி, பேரிடர் என்ற சொல்லுக்கான விளக்கம். ஒரு நாளில் புயல் வந்து அழித்தால் பேரிடர். முப்பது ஆண்டுகளாக நாளுக்குச் சில அங்குலம் அழிந்தால் அந்தச் சட்டச் சட்டகத்துக்குள் அது எளிதில் அடங்காது. பேரிடர் அறிவிப்புக் கேட்டு நியூடாக் விண்ணப்பித்தது. 2017 ஜனவரியில் அது நிராகரிக்கப்பட்டது.

மூன்றாவது, அளவீடே இல்லாமை. மேற்குக் கரையில் கடல்மட்டத்தைப் பதிவு செய்யும் கருவிகள் விரல்விட்டு எண்ணும் அளவே. பல ஊர்களுக்கு வெள்ள வரைபடம் கிடையாது. நிதி கேட்டால் தரவு எங்கே என்பார்கள். கருவி வைக்காதவர்களே அதைக் கேட்பார்கள்.

4

"அத்தனை தொலைவில் யாரால் சாலை போட முடியும்?" என்று கேட்கலாம். கிவலினாவுக்குக் கிட்டத்திலேயே பதில் கிடக்கிறது. 1989இல் ரெட் டாக் துத்தநாகச் சுரங்கம் உற்பத்தியைத் தொடங்கியது. உலகின் பெரிய துத்தநாகச் சுரங்கங்களில் அது ஒன்று. தாதுவைக் கடலுக்குக் கொண்டுவர 52 மைல் சாலையும் துறைமுகமும் மாநில அரசு அமைப்பின் நிதியில் அமைந்தன. சுரங்க நிலம் இனுபியாக் மக்களின் கூட்டு நிறுவனத்துக்குச் சொந்தம், வருவாயில் அவர்களுக்கும் பங்கு உண்டு. இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் காலத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். கிவலினா மக்கள் இடம்பெயர வாக்களித்தது 1992இல். புயல் வந்தால் தப்பியோட சுமார் எட்டு மைல் சாலை அவர்களுக்குக் கிடைத்தது 2020 வாக்கில்தான். துத்தநாகத்துக்கு இருந்த அவசரம் குழந்தைகளுக்கு இல்லை.

இடையில் மக்கள் சும்மா இருக்கவில்லை. 2008இல் சுமார் 400 பேர் கொண்ட கிவலினா, எக்ஸான்மொபில் உட்பட 24 எண்ணெய், மின்சார, நிலக்கரி நிறுவனங்கள் மேல் வழக்குத் தொடுத்தது. ஊரை மாற்ற 9.5 கோடி முதல் 40 கோடி டாலர் வரை ஆகும் என்ற மதிப்பீட்டை முன்வைத்து இழப்பீடு கேட்டது. இது நீதிமன்றம் முடிவு செய்யும் விஷயமல்ல, அரசியல் கேள்வி என்று 2009இல் வழக்கு தள்ளுபடியானது. 2012இல் மேல்முறையீடும் தோற்றது. 2013இல் உச்ச நீதிமன்றம் விசாரிக்க மறுத்தது. அரசியலிடம் போனால் கணக்கு இடிக்கிறது, நீதிமன்றம் போனால் அரசியலிடம் போ என்கிறது. பஞ்சமி நிலத்துக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஷிஷ்மரெஃப் மக்கள் 2002இல் இடம்பெயர 161க்கு 20 என்று வாக்களித்தார்கள். நிலமும் நிதியும் வரவில்லை. 2016இல் மீண்டும் வாக்கெடுப்பு நடந்தபோது 89க்கு 78 என்று மயிரிழையில் வென்றது. பதினான்கு ஆண்டுக் காத்திருப்பு நம்பிக்கையை எப்படி அரிக்கும் என்பதை அந்த எண்களில் நாம் வாசிக்கிறோம். அவர்களை நோம், கொட்ஸ்ப்யூ போன்ற நகரங்களில் சேர்த்துவிடலாம் என்ற யோசனையும் பேசப்பட்டது. செலவு குறையும். ஆனால் மொழியும் வேட்டையும் உறவும் சிதறிப்போகும். ஊர் என்பது வீடுகளின் கூட்டல் இல்லை என்பதை அந்த மக்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

நியூடாக் மட்டும் ஒரு வழி கண்டது. மத்திய வனவிலங்குத் துறையோடு நிலப் பரிமாற்றம் பேசி, 2003இல் நாடாளுமன்ற ஒப்புதல் பெற்று, ஒன்பது மைல் தொலைவில் மேட்டு நிலத்தில் மெர்டார்விக் என்ற புது ஊரைத் தேர்ந்தார்கள். இடத்தைத் தேர்ந்தவர்கள் அவர்களே. முதல் குடும்பங்கள் போனது 2019 அக்டோபரில். கடைசிக் குடும்பங்கள் போனது 2024இல். நிலம் கிடைத்த பிறகும் இருபது ஆண்டுகள்.

2025 அக்டோபரில் ஹாலோங் புயலின் எச்சம் தென்மேற்குக் கரையைத் தாக்கியது. கிப்னுக், குவிகிலிங்கோக் ஊர்களில் வீடுகள் அடித்தளத்திலிருந்து பெயர்ந்து மிதந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள். பெருந்தொகையினர் விமானத்தில் தொலைதூர நகரத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். கிப்னுக்கின் ஆற்றங்கரையைப் பாதுகாக்க ஒதுக்கிய 2 கோடி டாலர் மானியத்தை அதே ஆண்டு மே மாதம்தான் மத்திய அரசு ரத்து செய்திருந்தது. அந்தப் பணம் இருந்திருந்தால் அந்தப் புயலைத் தடுத்திருக்கும் என்று நாம் சொல்லவில்லை, அத்தனை விரைவில் எதையும் கட்டியிருக்க முடியாது. ஆனால் யாருக்கான பணம் முதலில் வெட்டப்படுகிறது என்பதை அது காட்டுகிறது.

5

இந்த வரலாற்றில் நாம் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது?

2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் கரையில் நாம் பார்த்தோம். உயிரையும் படகையும் வலையையும் இழந்த மீனவ மக்களின் துயரம் அளவிட முடியாதது. அதே கரையில் உப்பேறிய வயலில் கூலி இழந்த தலித் குடும்பங்களின் இழப்புக்கு நிவாரணப் படிவத்தில் கட்டமே இருக்கவில்லை. முகாம்களிலும் தண்ணீர்க் குழாயடியிலும் நடந்த பாகுபாட்டைத் தலித் அமைப்புகளும் மனித உரிமை அமைப்புகளும் அன்றே பதிவு செய்தன. படிவத்தில் இல்லாத இழப்பு இழப்பாகவே ஆகாது என்ற பாடத்தில் நாகையும் கிவலினாவும் ஒன்று.

1942 ஜூலையில் நாக்பூரில் அண்ணல் அம்பேத்கர் வழிநடத்திய மாநாடு, தீண்டப்படாதோருக்குத் தனிக் குடியிருப்புகள் வேண்டும் என்று தீர்மானம் இயற்றியது. 1947இல் 'அரசுகளும் சிறுபான்மையினரும்' ஆவணத்திலும் அவர் அதை வலியுறுத்தினார். எங்கே வாழ்வது என்பதை வாழ்பவர் தீர்மானிக்கும் உரிமையாகவே அந்தக் கோரிக்கையை நாம் புரிந்துகொள்கிறோம். மெர்டார்விக்கை அந்த வெளிச்சத்தில் பார்த்தால் அது நமக்கு அந்நிய ஊராகத் தெரியாது.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அலாஸ்காவில் இப்போது ஊர்க்காரர்களே அளக்கிறார்கள். கரையில் குச்சி நட்டு, வீட்டு மூலையிலிருந்து அளவு நாடா பிடித்து, புயலுக்கு முன்னும் பின்னும் படம் எடுத்துத் தேதியோடு எழுதி வைக்கிறார்கள். பழைய வெள்ளம் எதுவரை ஏறியது என்பதற்கு மிதந்து வந்த மரங்கள் ஒதுங்கிய கோட்டையும் பெரியவர்கள் நினைவையும் ஆய்வாளர்கள் சான்றாக ஏற்கிறார்கள். கருவி வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

நம் சேரிகளிலும் ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் எந்தச் சுவரில் எத்தனை அடி ஏறியது என்று ஆயாக்களுக்குத் தெரியும். அதை எழுதுங்கள். தேதி போடுங்கள். அந்த இடத்தை நமக்குக் கொடுத்தது யார், எந்த ஆண்டு, மேட்டு நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். முதல் பாதியை மட்டும் எழுதினால் அது வெள்ள அறிக்கையாகும். இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் நம் வரலாறு ஆகும்.

"மழைத் தண்ணி எந்தப் பக்கம் போய் நிக்கும்?" என்று கேட்ட தோழரின் நினைவுக்கு அந்தக் குறிப்பேடுகளே நாம் செலுத்தும் மரியாதை.

ஜெய்பீம்.